எரிஞ்ச மோட்டாரும் அழிஞ்ச ஷாட்டும்

போன வாரம் பொழுதோட ஒரு போன் வந்துச்சு. "ஐயா, படம் சென்சார் முடிஞ்சிருச்சுங்க. யு சர்டிபிகேட்" என்று டைரக்டர் தம்பி சொன்னார். எப்ப வருதுன்னு கேட்டேன். "தியேட்டர் கிடைக்கணுங்கய்யா" என்றார்.

அந்தப் படத்துல எங்க வூடு இருக்கு, கட்டுத்தரை இருக்கு, எங்க வெள்ளைப் பொன்னி நெல்லு இருக்கு. கடைசிக் காட்சியில எங்கண்ணன் வயலும் இருக்கு. நானும் எங்கண்ணனும் ஆறு வருசமா பேச்சுவார்த்தை இல்லாம இருந்தோம். அவர் வயல் எப்படி அந்தப் படத்துக்குள்ள வந்துச்சுங்கிறதத்தான் இன்னைக்கு எழுதறேன். எழுதணும் எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். என் தப்பும் இதுல இருக்கு, அதுதான் காரணம்.

எங்க கோபிச்செட்டிபாளையத்துக்குச் சின்னக் கோடம்பாக்கம்னு ஒரு பேரு உண்டு. பாக்யராஜ் பொறந்த வெள்ளாங்கோயில் எங்க பக்கந்தான். பவானி ஆத்துல கொடிவேரி அணை, அதுல பிரியற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கா, ரெண்டு பக்கமும் நெல்லு, வாழை, தென்னை. கேமராவ எந்தப் பக்கம் திருப்புனாலும் பச்சையாத்தான் இருக்கும். நான் பள்ளிக்கூடம் போன காலத்துல ஷூட்டிங்னா லாரி லாரியா சாமான் வரும், ஜெனரேட்டர் வண்டி தனியா வரும், பந்தி பந்தியா சாப்பாடு போடுவாங்க. அத மனசுல வச்சுத்தான் அந்தத் தம்பி வந்து கேட்டப்ப சரின்னுட்டேன்.

வந்தது ஒரு வேனும் ஒரு குட்டியானை வண்டியும். ஆளு மொத்தம் 19 பேரு. டைரக்டருக்கு முப்பது வயசு இருக்கும். அவங்கம்மா நகைய அடகு வச்சு, கூடப் படிச்ச ரெண்டு பேர் கம்பெனி வேலையில லோன் போட்டுக் குடுத்து, அதுல எடுக்கற படம். வூடு, வயலு, கட்டுத்தரை எல்லாஞ் சேத்து 12 நாளைக்கு எனக்கு 30,000 ரூபாய். முன்பணம் 10,000. மீதி முடிஞ்சதும் தர்றதாப் பேச்சு.

கதை எளிமையானது. வயசான அப்பா ஒருத்தரு. பசங்க நெலத்த விக்கச் சொல்றாங்க. அறுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் தன் வயலுக்குள்ள கடைசியா ஒருக்கா நடந்து போறாரு. அந்த நடைதான் படத்தோட முடிவு. அப்பாவா நடிக்க வந்தவர் 74 வயசு தெருக்கூத்துக் கலைஞர். முழங்கால் வலியோட வந்திருந்தாரு. ஆனா கேமரா முன்னாடி நின்னா வலியெல்லாம் எங்க போகும்னே தெரியாது.

மொத நாளே பிரச்சனை. சாமி கும்பிட்டு தேங்கா ஒடச்சு லைட்ட போட்டதும் வூட்டு ட்ரிப்பர் டப்புனு விழுந்துருச்சு. ரெண்டு லைட்டுக்கு மேல எங்க வூட்டு லைன் தாங்காது. "கெணத்து மேட்டுல மூணு பேஸ் இருக்குதுல்லங்கய்யா, அதுல ஒரு வயர் இழுத்துக்கலாமா?" என்று மேனேஜர் கேட்டார். ஆகாதுன்னுட்டேன். விவசாயத்துக்குன்னு இலவசமாக் குடுக்கற கரண்டு அது. அதுல சினிமா லைட் போட்டா லைனையே கட் பண்ணிருவாங்க, அபராதமும் போடுவாங்க. ஜெனரேட்டர் வாடகைக்கு அவங்ககிட்டப் பணமில்ல.

அப்புறம் கேமராத் தம்பி பண்ணுன வேலையப் பாக்கணும். எங்க பீரோ கண்ணாடியக் கழட்டி வாசல்ல வச்சு, வெயில அதுல வாங்கி வூட்டுக்குள்ள அடிச்சாரு. உள்ள ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையில அந்த வெளிச்சம் பட்டு, மெதுவாத் திரும்பி ஆள் மூஞ்சியில விழுந்துச்சு. வெளிச்சம் கடுசா இருந்தா நடுவுல என்னோட எட்டு மொழ வேட்டி. ரெண்டு மூங்கில்ல கட்டி நிறுத்திருவாங்க. என்ன, சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் திருப்பிக்கிட்டே இருக்கணும். அதுக்கு எங்க பக்கத்து வூட்டுப் பையன நிறுத்தி வச்சிருந்தாங்க. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா "கண்ணாடி!"ன்னு ஒரு சத்தம். அவன் இன்னும் ஊருக்குள்ள 'கண்ணாடி'தான்.

கேமராவ ஓட விடறதுக்குத் தண்டவாளம் மாதிரி ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க. வரப்புல வச்சா ஈரத்துல பொதைஞ்சு போச்சு. ரெண்டு மணி நேரம் போராடிப் பாத்துட்டு, கடைசியில கேமராத் தம்பி என் டிவிஎஸ் 50-ல பின்னாடி பாத்து உக்காந்துக்கிட்டாரு. நான் இஞ்சின ஆஃப் பண்ணி உருட்டிக்கிட்டே நடந்தேன். அந்த ஷாட்டுல நடக்கற ஆளத்தான் நீங்க பாப்பீங்க. வண்டி தள்ளுனது நான்.

ஒரே ஒரு தடவை நான் கோவப்பட்டேன். மழையில நனைஞ்ச மாதிரி மூஞ்சியில துளி தெளிக்கணும்னு உதவியாளர் பொண்ணு எங்க கைத்தெளிப்பானத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. நெல்லுக்கு மருந்தடிச்ச டேங்கு அது. கழுவுனாலும் வாஷர்லயும் குழாய்லயும் மருந்து நிக்கும். "அம்மிணி, கீழ வை மொதல்ல!"ன்னு நான் கத்துன கத்துல மொத்தக் கூட்டமும் நின்னு போச்சு. அந்தப் பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் பூவுக்குத் தண்ணி தெளிக்கற சின்னக் குப்பிய எங்கூட்டம்மா எடுத்துக் குடுத்தாங்க. பட்டணத்துல இருக்கற நீங்க எப்பவாவது கிராமத்துல ஷூட்டிங் எடுக்கப் போனா இத ஞாபகம் வச்சுக்குங்க. தோட்டத்துல கெடக்கற டப்பா, டேங்கு எதையும் கேக்காம எடுக்கக் கூடாது.

ஆட்டுக் கதை ஒண்ணும் இருக்கு. தாத்தா பின்னாடியே ஒரு கருப்பு ஆட்டுக்குட்டி வர்றதாக் கதை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் குட்டி. அஞ்சாவது நாள் குட்டியக் காணோம். வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி வித்துட்டாரு மனுசன். அவருகிட்ட யாரும் 12 நாளைக்கு வேணும்னு சொல்லவே இல்ல. டைரக்டர் தலையில கை வச்சு உக்காந்தாரு. அப்பத்தான் மேனேஜர் இன்னொண்ணச் சொன்னாரு. படத்துல மிருகத்த நடிக்க வச்சா விலங்குகள் நல வாரியத்துகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், இல்லாட்டி சென்சார்ல நிக்கும். இவங்க அனுமதியே வாங்கல. ஆடு போனதே நல்லதுன்னு, குட்டி வந்த ரெண்டு காட்சியையும் ஆடில்லாமத் திரும்ப எடுத்தாங்க.

ராத்திரி வாசல்ல கட்டில் போட்டு உக்காந்தா பசங்க சினிமாக் கதை பேசுவாங்க. நமக்கும் காசில்லாம வெள்ளாமை பண்ணிப் பழக்கம், அதனால எனக்கு அந்தக் கதையெல்லாம் புடிச்சுது. 1977-ல வந்த 16 வயதினிலே படத்துல ஸ்ரீதேவி மெதுவா ஓடி வர்ற காட்சி ஞாபகம் இருக்குதுங்களா? அப்படி எடுக்கறதுக்குத் தனிக் கேமரா வேணுமாம். அதுக்குப் பணமில்லாம, பாரதிராஜா அந்தப் பொண்ணையே மெதுவா ஓடச் சொல்லி எடுத்தாராம். நான் அந்தப் பாட்ட எத்தனையோ தடவை பாத்திருக்கேன், கண்டுபுடிக்கல.

வங்காளத்துல சத்யஜித் ரேன்னு ஒருத்தரு, பதேர் பாஞ்சாலின்னு ஒரு படம். 1952-ல ஒரு நாணல் பூக்காட்டுல ஆரம்பிச்சாரு. அக்காளும் தம்பியும் ரயில் பாக்கப் போற காட்சி. பாதி எடுத்துட்டு அடுத்த வாரம் போயிப் பாத்தா, பூவ பூராத்தையும் மாடு மேஞ்சிருச்சு. அடுத்த வருசம் பூக்கற வரைக்கும் அந்தக் காட்சிக்குக் காத்துக் கெடந்தாரு. நடுவுல பணமில்லாம படம் நின்னு நின்னு, 1955-லதான் வெளிய வந்துச்சு. அதுல பாட்டியா நடிச்ச சுனிபாலா தேவி எண்பது வயசுக் கெழவி. அந்தம்மா படம் முடியற வரைக்கும் இருந்ததே அதிசயம்னு ரே பின்னாடி சொல்லியிருக்காராம். படம் வெளிய வர்றப்ப அவங்க இல்ல. நம்ம உசிலம்பட்டிப் பக்கம் எடுத்த கடைசி விவசாயி படத்துலயும் அப்படித்தான். நல்லாண்டிங்கிற நிஜ விவசாயி நடிச்சாரு. 2022-ல படம் வந்தப்ப அவர் உசுரோட இல்ல.

இதச் சொல்லிட்டு டைரக்டர் தம்பி திண்ணையில படுத்திருந்த கூத்துக்காரரத் திரும்பிப் பாத்தாரு. "நமக்கு ஒரு வருசமெல்லாம் காத்திருக்க முடியாதுங்கய்யா" என்றார் மெதுவா.

இப்ப நெல்லுக் கதைக்கு வர்றேன். எங்க வயலு ஒண்ணேகால் ஏக்கரா. வெள்ளைப் பொன்னி ஒசரமா வளர்ற ரகம். முத்திப் போயி நிக்கறப்ப ஒரு காத்தோ மழையோ அடிச்சா அப்படியே சாஞ்சுரும். சாஞ்சா மிஷின்ல அறுக்கறதும் செரமம், கதிரு மண்ணுல பட்டு மொளைச்சும் போகும். பதினோராவது நாள் அறுக்கறதுன்னு மிஷினுக்குச் சொல்லி வச்சிருந்தேன். அவங்க கடைசிக் காட்சிய ஒம்பதாவது நாள் சாயங்காலம் எடுத்தாங்க. நான் வரப்புல நின்னு பாத்தேன். பொழுது எறங்கற நேரம். அந்தப் பெரியவர் கதிர ரெண்டு கையாலயும் நீவிக்கிட்டே போனாரு. நடுவுல ஒரு எடத்துல நின்னு, குனிஞ்சு, ஒரு களைய புடுங்கி வரப்புல வீசுனாரு. நாளைக்கு விக்கப்போற வயல்ல களை எடுக்கறாரு. அது யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல, அவராப் பண்ணுனது. எனக்குத் தொண்டை அடைச்சுது. டைரக்டர் "கட்" சொல்ல மறந்துட்டாரு.

பத்தாவது நாள் வெடியக்காலம் மிஷின் புரோக்கர் போன் பண்ணுனாரு. "மழை வருதுன்னு சொல்றாங்க. மத்தியானம் உங்க பக்கம் வண்டி வருது. இப்ப விட்டா இன்னும் பத்து நாளு ஆகும், பாத்துக்குங்க." தை மாசத்துல என்ன மழைன்னு நெனச்சேன். ஆனா மேக்குப் பக்கம் மூட்டமாத்தான் இருந்துச்சு. டைரக்டர் தம்பிகிட்டக் கேட்டேன். "வயல்ல எல்லாம் எடுத்தாச்சுங்களா? மத்தியானம் அறுத்தா பரவால்லீங்களா?"

"எல்லாம் எடுத்தாச்சுங்கய்யா, அறுத்துக்குங்க" என்றார்.

பக்கத்துல கம்ப்யூட்டரும் கையுமா ஒரு சின்னப் பையன் நின்னான். எடுத்த படத்த எல்லாம் கேமரா கார்டுல இருந்து ஹார்ட் டிஸ்க்குல ஏத்தி வைக்கற வேலை அவனுக்கு. 21 வயசு. அவன் எம் மூஞ்சியப் பாத்தான், அப்புறம் கீழ பாத்தான். ஒண்ணும் பேசல.

மிஷின் வந்துச்சு. ரெண்டு மணி நேரத்துல வயலு மொட்டையாச்சு. நெல்ல ஏத்திக் களத்துக்குக் கொண்டு போயிட்டு, பொழுது விழுந்து கட்டுத்தரைக்கு வந்தா, மாட்டுக்குப் பின்னாடி இருட்டுல அந்தப் பையன் குத்த வச்சு உக்காந்திருக்கான். எங்கூட்டம்மா சொம்புல தண்ணியோட நிக்கறாங்க. "ஏனுங்க, இந்தப் பையன் மத்தியானத்துல இருந்து சோறு திங்கல. என்னன்னு கேளுங்க" என்றாங்க.

கேட்டேன். அழுதுக்கிட்டே சொன்னான். ஒம்பதாவது நாள் ராத்திரி கார்டுகள மாத்தி எடுத்துட்டான். எடுத்து முடிச்ச கார்டுக்குச் செவப்பு டேப் ஒட்டணும், காலிக் கார்டுக்குப் பச்சை. டேப் தீந்து போச்சு. கோபிக்கு ஆள் அனுப்பி வாங்க மேனேஜர்கிட்டக் கேக்கப் பயந்துக்கிட்டு விட்டுட்டான். களைப்புல, அந்த வயல் காட்சி இருந்த கார்ட, ஏத்தியாச்சுன்னு நெனச்சு அழிச்சுட்டான். ரெண்டு டிஸ்க்குல ஏத்தி வைக்கறது வழக்கம். இவங்ககிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு, இன்னொண்ணு மூணாவது நாளே கெட்டுப் போச்சு.

"இன்னைக்குக் காத்தால ஐயா கேட்டப்பவே தெரியுமா உனக்கு?"

"ராத்திரியே தெரியுங்கய்யா."

"அப்புறம் ஏஞ்சாமி சொல்லல?"

பதில் இல்ல. அதவிடப் பெருசு ஒண்ண அப்புறம் கேமராத் தம்பி சொன்னாரு. கார்ட அழிச்சாலும் உள்ள இருக்கறது ஒடனே போயிறாதாம். அதுமேல வேற எதையும் எடுக்காம அப்படியே வச்சிருந்தா, சாப்ட்வேர் போட்டுப் பெரும்பாலும் மீட்டுறலாமாம். இந்தப் பையன் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு, காத்தால அதே கார்டையே கேமராவுக்குக் குடுத்துட்டான். நாள் பூரா அதுமேலயே படம் எடுத்தாச்சு. இனி தேடி எடுக்க ஒண்ணுமில்ல. ராத்திரியே சொல்லியிருந்தா கார்டும் பொழைச்சிருக்கும். காத்தால எங்கிட்டச் சொல்லியிருந்தாலும் நெல்லாவது நின்னிருக்கும்.

நான் அவனத் திட்டல. திட்ட எனக்கு யோக்கியதை இல்ல.

எனக்கும் எங்கண்ணனுக்கும் மேட்டுக்காட்டுல கூட்டு போர்வெல். அவருக்கு மூணு நாள், எனக்கு மூணு நாள் மொறை. ஆறு வருசத்துக்கு முன்னாடி வாய்க்கா அடைச்ச சமயம், மஞ்சளுக்குத் தண்ணி கட்டறதுக்கு ராத்திரி மோட்டாரப் போட்டுட்டுக் கட்டில்ல சாஞ்சேன். தூங்கிப் போயிட்டேன். போர்ல தண்ணி கீழ எறங்கிருச்சு. தண்ணியில்லாம ஓடி ஓடி மோட்டார் கருகிப் போச்சு. காத்தால அண்ணன்கிட்ட "ஓல்டேஜ் கம்மிங்ண்ணா, எரிஞ்சிருச்சு"ன்னேன். பைப்போட மேல ஏத்தி, வைண்டிங் பண்ணி எறக்க 18,000 ஆச்சு. பாதி அவர் குடுத்தாரு. மூணு மாசங்கழிச்சு வைண்டிங் கடைக்காரர் அவர்கிட்டப் பேச்சோட பேச்சா, "உங்க மோட்டார் தண்ணியில்லாம ஓடுனதுங்க, புஷ்ஷெல்லாம் தேஞ்சு கெடந்துச்சு"ன்னுட்டாரு. அண்ணன் நேரா வந்து கேட்டாரு. அப்பவும் நான் ஓல்டேஜ்னேன். அவர் ஒண்ணுஞ் சொல்லாமத் திரும்பிப் போனாரு. அன்னையில இருந்து பேச்சில்ல. ஊருக்குள்ள 9,000 ரூபாய்க்கு அண்ணந்தம்பி முறிச்சுக்கிட்டாங்கன்னு பேசுனாங்க. பணம் இல்லீங்க காரணம். ரெண்டாவது தடவை கேட்டப்பவும் பொய் சொன்னேன் பாருங்க, அதுதான்.

பையனக் கையப் புடிச்சு டைரக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். நான் எதுவும் பேசல, அவனையே சொல்ல வச்சேன். டைரக்டர் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி அறுத்த வயல்ல தாள்மேல உக்காந்துக்கிட்டாரு. அரை மணி நேரம் யாரும் கிட்டப் போகல. அப்புறம் அவர் வந்து கேட்டது ஒரே கேள்விதான். "ஐயா, இந்தப் பக்கத்துல வேற எங்கயாவது நெல்லு நிக்குதுங்களா?" பெரியவருக்கு நாளானா மறுநாள் ஊருக்குப் போயாகணும், கூத்துக்கு ஒத்துக்கிட்டிருந்தாரு. இருக்கறது ஒரு சாயங்காலம்.

எங்க மடையில எல்லாரும் அறுத்தாச்சு. பதினஞ்சு நாள் பின்னாடி நட்டது ஒரே ஒருத்தரு. எங்கண்ணன்.

எங்கூட்டம்மா என்னையே பாத்தாங்க. "போயிக் கேளுங்க. கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்றாங்க.

டார்ச்ச எடுத்துக்கிட்டு வரப்புல நடந்தேன். நூறு எட்டு தூரந்தான். ஆறு வருசத்துல அந்த வாசல்ல கால் வச்சதில்ல. அண்ணிதான் மொதல்ல பாத்தாங்க. "வாங்க தம்பி" என்றாங்க, நேத்து வந்துட்டுப் போனவனக் கூப்பிடற மாதிரி. அண்ணன் டிவிய நிறுத்துனாரு.

"என்றா இந்நேரத்துல?"

சினிமாக்காரங்க கதைய ஆதியோட அந்தமாச் சொன்னேன். பையன் மறைச்சதச் சொல்லையில எனக்கே வாய் தடுமாறுச்சு. அங்கயே நிறுத்திட்டு, "அண்ணா, அந்த மோட்டாரு... நாந்தான் தூங்கிப் போயிட்டேன். ஓல்டேஜெல்லாம் இல்லீங்ண்ணா" என்றேன்.

அவர் மூஞ்சி மாறல. "தெரியும். இப்ப எதுக்கு அது" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்றார்.

"பேசுனது முப்பதாயிரம். வந்தது பத்து."

சிரிச்சாரு. "நல்லா யாவாரம் பண்ணுனே போ" என்றார். அந்தச் சிரிப்பக் கேட்டு ஆறு வருசமாச்சு. அப்புறம், "வயலுக்குள்ள ஒரு ஆளுதான் எறங்கோணும். மத்தவிய வரப்புல நிக்கட்டும். கதிரு கொட்டுச்சுன்னா உன்னையத்தான் கேப்பேன்" என்றார்.

மறுநாள் இன்னொரு சிக்கல். முன்னாடி எடுத்த காட்சியிலெல்லாம் எங்க வயலு நல்லாப் பழுத்து மஞ்சளா நிக்குது. அண்ணன் வயலு இன்னும் பச்சையோடிக் கெடக்குது. கேமராத் தம்பி சாயங்காலம் கடைசி அரை மணி நேரம் வரைக்கும் காத்திருந்து, சூரியனுக்கு எதுக்கால நின்னு எடுத்தாரு. அந்த வெளிச்சத்துல பச்சையும் பொன்னிறமாத்தான் தெரியுது. தூரத்து ஷாட் ஒண்ணும் வைக்கல, எல்லாங் கிட்டத்துல. பெரியவர் கதிர ஒண்ண உருவி நெல்லக் கடிச்சுப் பாத்துட்டு, "இன்னும் கொஞ்ச நாளு போவணும்" என்றார். வசனத்துல இல்லாதது அது. டைரக்டர் அத அப்படியே வச்சுக்கிட்டாரு. அறுப்புக்கு முந்தின நாளுன்னு இருந்த கதை, அறுப்பு வரைக்கும் அவரால காத்திருக்க முடியலைங்கிற கதையா மாறிருச்சு.

இது முன்னாடி எடுத்தத விட நல்லா வந்துச்சான்னு டைரக்டர்கிட்டக் கேட்டேன். "இல்லீங்கய்யா. மொதல்ல எடுத்ததுதான் நல்லா இருந்துச்சு. அந்தக் களை புடுங்குனது இதுல இல்ல" என்றார். பெரியவர்கிட்டத் திரும்பப் பண்ணச் சொன்னாங்க. "அது அன்னைக்கு வந்தது" என்று சொல்லிட்டாரு. போனது போனதுதான். இருந்தாலும் படம் முடிஞ்சுது.

எங்கண்ணன் தலையில துண்டக் கட்டிக்கிட்டு வரப்புல நின்னு பாத்தாரு. ஷாட் முடிஞ்சதும் வயலுக்குள்ள எறங்கி, சாஞ்ச கதிர நாலஞ்ச நிமுத்தி விட்டாரு. நானும் எறங்கி நிமுத்துனேன். ஒண்ணும் பேசிக்கல.

அன்னைக்கு ராத்திரியே மழை வந்துச்சு. என் நெல்லு 30 மூட்டையும் தார்ப்பாய்க்குள்ள இருந்துச்சு. அண்ணன் வயல்ல ஒரு மூலையில கொஞ்சம் சாஞ்சுது. ரகம் முத்தாததால பெருசாச் சேதாரமில்ல.

மீதிப் பணம் 20,000-ல 12,000 வந்துச்சு. எட்டு பாக்கி. படம் வித்ததும் தர்றேன்னு டைரக்டர் தம்பி ஒவ்வொரு தடவையும் அவராவே சொல்வாரு, நான் கேக்கறதுக்கு முன்னாடி. அதனாலயே எனக்கு அவர்மேல கோவம் வரல. வர்றப்ப வரட்டும்.

அந்தப் பையன டைரக்டர் வேலைய விட்டு அனுப்பல. "அவன அனுப்புனா அடுத்து வர்றவன் இன்னும் பயந்துதான் மறைப்பான்" என்றார். கடைசி நாள் சாயங்காலம் கார்டு கைமாறறப்ப அந்தப் பையன் "ஏத்தல! ஏத்தல!"ன்னு சத்தமாக் கத்திக்கிட்டே வாங்குனான். எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப வேற ஒரு படத்துல வேலை செய்யறான். பொங்கலுக்குப் போன் பண்ணுவான். ரெண்டு டேப் உருளை எப்பவும் பையில இருக்குங்கய்யான்னு சொல்வான்.

டேப் ஒரு உருளை என்ன, அம்பது ரூபா இருக்குமா? தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன செலவு? காசில்லாத எடத்துல தப்பு நடக்கத்தான் செய்யும், ஷூட்டிங்கோ வெள்ளாமையோ. கண்ணாடி வச்சு, வேட்டி கட்டி, வண்டியத் தள்ளி எப்படியாவது சமாளிச்சுக்கலாம். ஒளிச்சு வச்சத மட்டும் சமாளிக்க முடியறதில்ல. அடுத்தவனுக்குத் தெரியற வரைக்கும் அது உள்ளயே தின்னுக்கிட்டுக் கெடக்கும்.

பன்னெண்டு நாள் கழிச்சு எங்கண்ணன் வயலுக்கு மிஷின் வந்துச்சு. "மூட்டை புடிக்க ஆளில்ல, வர்றியா?"ன்னு போன் பண்ணுனாரு. போனேன். பழைய மாதிரி எல்லாம் ஆயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். அவர் இன்னும் எங்க வூட்டுக்கு வந்து சோறு திங்கல. ஆனா இப்ப ராத்திரி மோட்டார் போட்டா, என் மொறையா இருந்தாலும், பத்து மணிக்கு ஒரு போன் வரும்.

"முழிச்சிருக்கியா?"ன்னு கேட்டுட்டு வச்சுருவாரு.